பால்பொடி டப்பாவும் பக்கத்து வீட்டு வில்லியும்

மாமி, அதாவது என் மாமியார், அடுக்களைத் தரையில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரிசி டின்னில் சாய்த்து வைத்த போனில் ஒரு பெண்குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. கதை நான் எழுதியது. குரல் சென்னையில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. எதை எழுதிக் கொடுத்தாலும் கடும் காய்ச்சலில் கிடப்பவள்போல வாசிப்பாள்.

"பசியில் துடித்த அந்தப் பச்சைக் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் கிடத்தினாள் மாமியார். கதவைச் சாத்தினாள். 'பால் கொடு. என் மருமகளுக்கு இது ஒருநாளும் தெரியக்கூடாது' என்றாள். வெளியே இடி இடித்தது."

மாமியின் கத்தி நின்றது. பாதி ஆய்ந்த மத்தி கையிலேயே இருந்தது. ஜன்னலில் காத்திருந்த பூனை காதை நிமிர்த்தியது. மாமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டி மினுங்கியது.

நான் வாசற்படியில் நின்று அதைப் பார்த்தேன். பார்த்து என்ன நினைத்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 'அப்பாடா, எபிசோடு நன்றாக வந்திருக்கிறது' என்று நினைத்தேன்.

தொட்டிலுக்கு ஏது சாவி

என் மகன் ரயானின் எல்கேஜி இன்டர்வியூ பற்றிப் போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் வேலைக்குப் போவதில்லையா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். போகிறேன். படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு மேசை வரை. போனில் கேட்கிற குடும்பக் கதைகளை எழுதுவது என் வேலை. என் கணவர் நியாஸுக்கும் அவருடைய அத்தாவான என் மாமனாருக்கும் மட்டாஞ்சேரி பஜாரில் சாக்குக் கடை. மிளகும் சுக்கும் ஏற்றுவதற்குச் சாக்கு விற்கிறார்கள். நான் கண்ணீர் ஏற்றுவதற்குக் கதை விற்கிறேன். கடையிலிருந்து வருகிற தூசியாவது தும்மலோடு போய்விடும்.

எங்கள் கம்பெனியில் இதற்கு 'ஊக்கமூட்டும் குடும்ப நாவல்' என்று பெயர். ஒரு தாய் இருப்பாள். ஒரு பிள்ளை இருக்கும். அது யார் பிள்ளை என்பதில் ஒரு ரகசியம் இருக்கும். முடிவில் எல்லோரும் ஒரே போட்டோவில் நின்று சிரிப்பார்கள். அதுவரை ஒருவர்கூடக் காஸ் சிலிண்டருக்குப் பதிய மாட்டார்கள். யார் தலையிலும் பேன் ஏறாது. ஒரு தாயும் பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட மாட்டாள். பிள்ளை என்பது கதவோரம் நின்று ரகசியத்தை ஒட்டுக்கேட்பதற்காக வீட்டில் வைத்திருக்கும் ஒரு சாமான்.

என் எடிட்டர் கார்த்திக்குக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தாய்மை என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தருவது அவர்தான்.

"டைட்டில் முடிவாயிடுச்சு மேடம். 'என் தொட்டிலின் சாவி'."

"தொட்டிலுக்கு ஏது சார் சாவி?"

"ரகசியம்னு வந்துட்டா சாவி வேணும்ல?"

நான் வாதாடவில்லை. எனக்கு வாதாட வராது. போனை வைத்த பிறகு, அவர் சொன்னது சரியோ, ஏதாவது ஊரில் தொட்டிலுக்குச் சாவி இருக்குமோ என்று கூகுளில் தேடிக்கூடப் பார்த்தேன்.

கேலி செய்கிறேனே தவிர, இந்தக் கதைகளுக்கு நான் கடன்பட்டவள். ரயான் பிறந்த புதிதில் நான் எழுந்து நடமாடியதே இவற்றைக் கேட்டுத்தான். இந்தக் கதைகளில் எவ்வளவு மோசமான தாயையும் கடைசி எபிசோடில் மன்னித்துவிடுவார்கள். எனக்கு அப்போது அது தேவையாக இருந்தது. காரணம், ஒரு பால்பொடி டப்பா.

டப்பா

ரயான் பிறந்து சில நாளில் எனக்குக் காய்ச்சல் கண்டது. கலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் தொற்றும் என்பதால் பிள்ளை என்னுடன் இருக்கக் கூடாது என்றார்கள். நியாஸ் அவனைத் துண்டில் சுற்றி மட்டாஞ்சேரிக்குக் கொண்டுபோனார். நான் வீடு திரும்பியபோது அடுக்களை மேடையில் ஒரு பால்பொடி டப்பா இருந்தது. காலி டப்பா.

பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். என் கண்ணில் பட்டது டப்பா மட்டும்தான். அதற்குப் பிறகு அவன் தும்மினால் டப்பா. பேச்சு வரத் தாமதித்தபோது டப்பா. இன்டர்வியூவில் யானையைப் பார்த்து மாடு என்றபோதும், நான் மனதுக்குள் அந்த டப்பாவைத்தான் பார்த்தேன். 'பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் நீ இல்லை, தகரம் இருந்தது' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மாமியிடம்கூட.

பக்கத்து வீட்டில் ஷெமீனா இத்தா இருக்கிறார்; இத்தா என்றால் அக்கா. அது அவர் பிறந்த வீடு. பிரசவத்துக்கு வந்தவர், கணவர் துபாயில் இருப்பதால் இங்கேயே தங்கிவிட்டார். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சமோசாவும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவர் மகள் ஐஷு, ரயானைவிடச் சில வாரம் மூத்தவள். இரண்டும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகின்றன. ரயான் அவரை 'உம்மா', அதாவது அம்மா, என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிடப் பழக்கியது மாமி. அக்கம்பக்கத்து மரியாதை என்று நினைத்திருந்தேன். நெஞ்சில் சின்னதாக ஒரு முள் குத்தும். அதையும் நான் மரியாதையாகவே பொறுத்துக்கொண்டேன்.

ஒருமுறை மீன்காரர், இரண்டு பிள்ளைகளும் கைகோத்து நிற்பதைப் பார்த்து, "கொள்ளாமல்லோ, நல்ல ஜோடி" என்று மலையாளத்தில் மெச்சினார்.

"அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்றார் மாமி. அந்த ஆளின் தராசே ஆடிப்போனது. அதோடு விடாமல் மாமி தெருமுனை வரை அவர் பின்னாலேயே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சமோசா போடுபவரின் மகள் என்றால் இவ்வளவு இளப்பமா? நாங்கள் தமிழ் ராவுத்தர், அவர்கள் மலையாளம் பேசுகிறவர்கள் என்பதற்காகவா? படித்த மருமகளாக ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் மாமியைத் திருத்துவதில்லை, கதையில் போட்டுவிடுவேன்.

அப்படித்தான் 'என் தொட்டிலின் சாவி'யில் ஒரு கர்வக்கார மாமியார் வந்தாள். வார இறுதிக்குள் ரகசியம் வேண்டும் என்று கார்த்திக் நெருக்கினார். நான் பிறந்த ஊரான கம்பத்தில், ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளை உடன்பிறந்தவர்களாகவே வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் மார்க்கத்தில் பால் குடித்தால் பிள்ளை. அந்த வீட்டுப் பிள்ளைகளை அது கட்டிக்கொள்ள முடியாது. என் காய்ச்சலைக் கதாநாயகிக்குக் கொடுத்தேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டு மடியில் வைத்தேன். இடியைக் கார்த்திக் சேர்த்தார்.

வீட்டுக்குள் ஒரு ரசிகை

மத்தி நாளுக்குப் பிறகு மாமி மாறிப்போனார்.

மாமிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பத்திரிகை படிப்பதெல்லாம் மலையாளத்தில்தான். அதனால் என் எழுத்தில் அவருக்கு எட்டுவது போனில் வருவது மட்டுமே. என் அம்மா இதற்கு நேரெதிர். அச்சில் வந்தால்தான் எழுத்து. போனில் வருவது வெறும் சத்தம்.

என்னை 'ஏ புள்ள' என்று அழைப்பவர் 'மோளே' என்று மகளாக அழைக்கத் தொடங்கினார். தட்டில் மீனின் நடுத்துண்டு விழுந்தது. கேட்காமலே சாயா வந்தது. நான் துணி காயப்போட்டால் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். வீட்டிலேயே ஒரு ரசிகை கிடைத்துவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் தலை கனத்தது. நியாஸிடம், "உங்கம்மாவுக்குள்ள ஒரு நல்ல வாசகி இருக்காங்க" என்றேன். அவர் சாக்கு எண்ணும்போது பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஒருநாள் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மோளே, கதையில அடுத்தது என்ன ஆவும்?"

எந்த எழுத்தாளர் இதற்கு மயங்காமல் இருப்பார்? நான் மடமடவென்று சொல்லிவிட்டேன். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரி இருக்காள்ல மாமி, அவதான் வில்லி. பால் குடுத்தது நான், புள்ள எனக்குத்தான்னு தூக்கிட்டு ஓடிருவா. வெள்ளிக்கிழமை எபிசோடுல போலீஸ் வந்து புடிச்சிரும்."

"போலீஸா?"

"ஆமா மாமி. ஜீப்ல."

மாமி எழுந்து போனார். கதையின் வேகத்தைத் தாங்க முடியாமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆட்டோவில் ஐஷு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஷெமீனா இத்தா வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. பழம்பொரி வாசனைகூட வெளியே வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று கேட்டு அனுப்பிய மெசேஜுக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. ரயான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஐஷு வராம நான் போமாட்டேன்" என்று அழுதான். இழுத்துத்தான் ஏற்றினேன்.

அவர்கள் வைப்பின் தீவுக்கு, கணவர் வீட்டுக்கே போகப்போகிறார்களாம். வெள்ளிக்கிழமை காலை படகு. ஐஷுவுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்ப்பார்களாம். இதை எனக்குச் சொன்னவர் ஆட்டோக்காரர். சொல்லிவிட்டு அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போலீஸ் வேண்டாம்

வியாழக்கிழமை பிற்பகல். மாமி சாயா கிளாஸை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எப்போதும் வைக்க வேண்டாம் என்று சொல்கிற இடம்.

"மோளே, ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"சொல்லுங்க மாமி."

"போலீஸ் வேண்டாம்."

"எந்தப் போலீஸ்?"

"நாளைக்கு ஜீப்ல வருமே, அது. ஷெமீனா பாவமாக்கும். அவ கேட்டு வாங்கல. நானாக்கும் கொண்டுபோயி மடியில வெச்சது. என்னைய என்ன வேணும்னாலும் பண்ணு. அவள விட்ரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மாமி, அது கதை."

மாமி சிரிக்கவில்லை. "கதைன்னா, நான் கதவச் சாத்தினது உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

சாயாவில் ஆடை படிவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"பாட்டில் ரப்பர வாயில வெச்சாலே துப்பிருவான்" என்றார் மாமி. "அழுது அழுது தொண்ட கட்டிருச்சு. நீ அங்க நெனவில்லாம கெடக்க. விடியறதுக்கு முன்ன, சுபஹு பாங்கு சொல்றப்ப தூக்கிட்டு அவ வீட்டுக்குப் போனேன். அவ ஐஷுவுக்குக் குடுத்துட்டு இருந்தா. ஒண்ணும் கேக்கல. இந்தப் பக்கம் இவனையும் போட்டுக்கிட்டா."

"ஒரு தடவையா?"

"நீ வர்ற வரைக்கும்."

ஒரு தடவை குடித்தாலே பால் உறவு என்பது எங்கள் வழக்கு. ஐந்து தடவையாவது வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும் என்பது ஷெமீனா இத்தா வீட்டு வழக்கு. "ரெண்டு கணக்குலயும் பாஸு" என்றார் மாமி, எல்கேஜி ரிசல்ட் சொல்வதுபோல.

"அப்ப அந்தப் பால்பொடி? டப்பா காலியா இருந்துச்சே?"

மாமி தரையைப் பார்த்தார். "அது உங்க மாமா சாயாவுல போச்சு. அந்த மாசம் சாயா நல்லாருந்துச்சுன்னு இப்பவும் சொல்வாரு."

நான் இத்தனை வருடம் அழுத டப்பாவை என் மாமனார் குடித்திருக்கிறார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாத்துக்கும்தான். பால் குடுத்தா ஊருக்குத் தெரியணும்ல? மறச்சுட்டு, நாளைக்கு இதுங்க ரெண்டுக்கும் யாராச்சும் நிக்காஹ் பேசிட்டா? பள்ளிவாசல் உஸ்தாதுகிட்ட சொன்னேன். தெருவுல சொன்னேன். ஆட்டோக்காரன்கிட்ட சொன்னேன். அந்த மீன்காரனுக்குத் தெரியாம இருந்துச்சு, பின்னாலயே போயிச் சொல்லிட்டு வந்தேன்."

"எங்கிட்ட?"

"உனக்குக் காய்ச்சல் விடட்டும்னு இருந்தேன். விட்டுச்சு. அப்பறம் நீ அழுதுட்டே இருந்தே, அது நிக்கட்டும்னு இருந்தேன். அப்பறம் அவனுக்குப் பல்லு வந்துச்சு. அப்பறம் எல்கேஜி."

நியாஸுக்குப் போன் செய்தேன். "தெரியுமே" என்றார். "உனக்குத் தெரியாதா? நீயே கதையா எழுதிட்டன்னுல்ல அம்மா பயந்துட்டு இருந்தாங்க."

எங்கள் நாவல்களில் ரகசியத்தை ஒருத்தி மட்டும் சுமப்பாள், ஊருக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஊரே சுமந்திருக்கிறது, ஒருத்திக்குத் தெரியவில்லை. அந்த ஒருத்திக்குத்தான் கதாசிரியை என்று சம்பளம்.

இந்த இடத்தில் கதாநாயகி மயங்கி விழ வேண்டும். நான் போய்க் காய்ந்த துணிகளை மடித்தேன். மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். ரயானின் சின்ன பனியன் ஒன்றை எத்தனை விதமாக மடித்தும் சரியாக வரவில்லை. அவன் பாயில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். இந்தக் கன்னத்தில் எவ்வளவு என்னுடையது என்று பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன். தகரத்திடம் தோற்றவள் என்று இருந்தேன். இப்போது ஒரு மனுஷியிடம். எது மேல் என்று தெரியவில்லை. மாமிமேல் கோபம் வந்தது. கோபப்படுவது நியாயமா என்று யோசிப்பதற்குள் அது பாதி ஆறிவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அப்போதுதான் உறைத்தது. நாளை மதியம், ஷெமீனா இத்தா எங்கிருந்தாலும், எண்ணெய்ச் சட்டிப் பக்கத்தில் போனை வைத்துக் கேட்பார். காய்ச்சல் குரலில் அந்தப் பெண் அவரைப் பிள்ளை திருடி என்று வாசிப்பாள். அதை எழுதியவள் நான்.

வில்லி இல்லாமல் எப்படி?

"முடியாது மேடம். ரெக்கார்டிங் முடிஞ்சு ஷெட்யூல் பண்ணியாச்சு" என்றார் கார்த்திக்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நல்லவங்க சார். அவங்க பிள்ளையத் தூக்கிட்டெல்லாம் ஓட மாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே எழுதுறேன்."

"மேடம், கேக்குறவங்களுக்குக் கோபம் வரணும். வில்லி இல்லாம யார்மேல கோபப்படுவாங்க?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மாமி என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, நான் மாமியார் பேசறேன்."

"எந்த மாமியார்ங்க?"

"கதையில வர்ற மாமியார்."

கார்த்திக் வாய் திறப்பதற்குள் மாமி தொடர்ந்தார்.

"வில்லி வேணும்னா என்னப் போட்டுக்கோ. அந்தப் பொண்ண விட்ரு. அவ ராவும் பகலும் முழிச்சு உசிர் குடுத்தவ. மருமவகிட்ட இத்தன வருசம் மூடி வெச்சது நான்தானே? எனக்கு இந்தத் தெருவுல ஏற்கெனவே நல்ல பேரு ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் கெட்டாலும் தாங்கும்."

கார்த்திக், "மேடம் இருக்காங்களா?" என்றார். நான் வாங்கினேன். "இது நல்லாருக்கு மேடம்" என்றார் மெதுவாக. "மாமியாரே வில்லி. புதுசா இருக்கு." குடும்பக் கதை உலகில் அது புதுசு என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். "இன்னிக்கே எழுதி அனுப்பிடுங்க, காலையில வாய்ஸ் எடுத்துடலாம்."

மாமியைப் பார்த்தேன். நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை போட வேண்டுமா என்று தெரியவில்லை. ஆறிப்போன சாயாவைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கழுவி வைத்தேன்.

கதவைத் தட்டியபோது

ஷெமீனா இத்தா வீட்டுக்குப் பத்தடி தூரம்தான். அதற்குள் ஒரு வசனம் தயார் செய்துகொண்டேன். 'பெற்றவள் நான், உயிர் தந்தவள் நீங்கள்' என்று தொடங்கும். போன நாவலில் இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது.

கதவைத் திறந்தவரின் கையில் மடித்த துணி. பின்னால் கட்டிலில் பெட்டி வாய் திறந்து கிடந்தது. எனக்கு வசனம் மறந்துவிட்டது.

அவர்தான் பேசினார். "நான் உன்ற கொச்சினெ, உன் புள்ளையத் தூக்கிட்டு ஓடுவேன்னு நெனச்சியா? உள்ள ஒண்ணையே மேய்க்க முடியல. உன்னோடதையும் தூக்கிட்டு ஓட எனக்கென்ன பிராந்தா, பைத்தியமா?"

"இல்ல இத்தா. எனக்கு..."

"போலீஸாம். ஜீப்பாம். எண்ணெயில கை பட்டுருச்சு எனக்கு, உன்ற மாமி வந்து சொன்னப்ப." புறங்கையைக் காட்டினார். சின்னதாகக் கொப்பளித்திருந்தது.

"எனக்குத் தெரியாது இத்தா. நீங்க பால் குடுத்தது இன்னிக்குத்தான் தெரியும். நான் சும்மா கற்பனையா எழுதினேன்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு நம்பிப் பார்த்தார். "மாமி உன்கிட்ட மாத்திரம் சொல்லலியா?"

"இல்ல."

"பாவி." மாமியைத்தான் சொன்னார், குரலில் பாதி சிரிப்பு வந்துவிட்டது.

நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. என் வாயில் வந்தது வேறு.

"உங்ககிட்டயும் பாதியிலயே தூங்கிட்டானா?"

ஷெமீனா இத்தா துணியைக் கட்டிலில் போட்டார். "பின்னே? ரெண்டு வாய் குடிப்பான், உறங்கிருவான். உள்ளங்கால்ல சொறிஞ்சாத்தான் கண்ணு திறப்பான்."

"எனக்குக் காது மடல். காது மடலத் தேய்ப்பேன்."

"காதா? அது எனக்குத் தோணல." அவர் முகத்தில், கைப்பக்குவம் ஒன்று தப்பிப்போன வருத்தம். "ஐஷு கடிப்பா. பல்லில்லாமயே கடிப்பா. இவன் மரியாதக்காரன். குடிச்சு முடிச்சா ஒரு பெருமூச்சு விடுவான், பெரிய ஆபீஸ்ல வேல பார்த்து வந்த மாதிரி."

அந்தப் பெருமூச்சு எனக்குத் தெரியும். நான் வீடு திரும்பி, முதல்முறை அவனை மடியில் போட்டபோது விட்டான். அது எனக்காக விட்டது என்று நினைத்திருந்தேன். யார் மடியானாலும் அவன் அப்படித்தான் விடுவான் போலிருக்கிறது. இருவரும் சிரித்தோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அவன் பால்பொடியில வளந்தான்னே நினைச்சுட்டு இருந்தேன் இத்தா."

"அதுக்கா, அவன் தும்முறப்பல்லாம் நீ அழுதே? நான் உனக்குத் தும்மல்னா அலர்ஜியோன்னு நெனச்சேன்."

பெட்டியை யாரும் மூடவில்லை. சற்று நேரத்தில் ஐஷு துணிகளை வெளியே தள்ளிவிட்டு அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமைப் படகு அவர்கள் இல்லாமலே போனது.

அன்று மதியம் எங்கள் அடுக்களையில் மூன்று பேரும் உட்கார்ந்து எபிசோடு கேட்டோம். நடுவில் ஒரு தட்டுப் பழம்பொரி. கதையில் மழை கொட்டியது. கதாநாயகி பக்கத்து வீட்டுக்காரியின் காலில் விழுந்து 'பெற்றவள் நான்' என்று தொடங்கினாள்.

"இதெல்லாம் நீ சொல்லவே இல்லியே" என்றார் ஷெமீனா இத்தா, வாயில் பழம்பொரியோடு. "காலையா புடிச்சே? காதப் பத்தித்தானே சொன்னே?"

மாமி எங்களை அதட்டினார். "சும்மா இருங்க. நான் வர்ற இடம்."

வில்லி மாமியாரைத் திட்டி அடுத்த நாளே எக்கச்சக்கமாகக் கமெண்டுகள் வந்திருந்தன. மாமிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 'இந்தக் கிழவியைக் கடலில் தள்ள வேண்டும்' என்று திருப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். மாமிக்கு அது பிடித்திருந்தது. "இன்னொரு தடவ படி" என்றார்.

அம்மா வந்தபோது

இதை எழுதுவதற்கு இருவரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டேன். ஷெமீனா இத்தா, தன் பழம்பொரி நன்றாக இருக்கும் என்பதைச் சேர்க்கச் சொன்னார். நன்றாக இருக்கும். மாமி விதித்தது ஒரே ஒரு நிபந்தனை, மாமா சாயாவில் பால்பொடி குடித்ததை எழுதக் கூடாது என்று. மாமிக்குத்தான் தமிழ் வாசிக்க வராதே.

போன மாதம் என் அம்மா கம்பத்திலிருந்து வந்திருந்தாள். பிள்ளைகள் வரும் நேரம்; வாசலில் நின்றுகொண்டிருந்தோம். ஆட்டோவிலிருந்து ரயானும் ஐஷுவும், ஒரே தண்ணீர் பாட்டிலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தபடி இறங்கினார்கள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாரேன். இப்பவே புருசன் பொண்டாட்டி மாதிரி..."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது."

குரல் என்னுடையதுதான். ஆனால் அதை இதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஒரு தராசு அதில் ஆடியிருக்கிறது. பக்கத்தில் வாயைத் திறந்த மாமி, மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சமோசா போடுபவரின் மகள் என்றால் இவ்வளவு இளப்பமா? கொஞ்ச நேரம் பொறுத்து, ஷெமீனா இத்தா வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள். "நீயும் உங்க மாமி மாதிரியே ஆயிட்டேடீ."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முதலில் அவள் சாயா குடிக்கட்டும் என்று இருந்தேன். குடித்தாள். பிறகு, ஊருக்குப் போகிற நேரத்தில் எதற்கு, போய்ச் சேரட்டும் என்று இருந்தேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்தாள். அப்போது ரயானுக்குச் சளி.

அம்மா இந்தப் பத்திரிகையைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் வாங்குவாள். முதலில் பிரிப்பது இந்தப் பக்கத்தைத்தான்.